நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே

நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. தட்டு மாற்றியாயிற்று. இனி இருக்கிற நான்கு மாதமோ ஆறு மாதமோ எப்படிப் போனதென்றே தெரியாமல் போய்விடும். இந்தக் கட்டுரை கல்யாணம் செய்துகொள்ளப் போகும் உங்கள் இருவருக்காக எழுதியது. உங்கள் பெற்றோரும் கூட உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது.

"இதையெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்களே, நாங்கள் என்ன செய்ய வேண்டியிருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்தான். ஆனால் கல்யாண வீட்டில் வரும் மனத்தாங்கலில் பெரும்பகுதி, "அதை அவங்க பார்த்துப்பாங்கன்னு நெனச்சோம்" என்ற ஒரு வார்த்தையிலிருந்து வருகிறது. நாதஸ்வரக்காரருக்கு யார் பணம் கொடுப்பது, மாப்பிள்ளை அழைப்புக்கு கார் யாருடையது, வெளியூர்க்காரர்களுக்கு அறை யார் போடுவது என்று எதையும் யாரும் வாய்விட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். சம்பந்திகளுக்குள் இதையெல்லாம் கேட்கக் கூச்சம் இருக்கும். உங்கள் இருவருக்குள் அந்தக் கூச்சம் வேண்டாம். இரு வீட்டுக்கும் நடுவில் கூசாமல் பேசக்கூடியவர்கள் நீங்கள் இருவர் மட்டுமே.

ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவது. கைப்பேசியிலும் எழுதலாம், ஆனால் நோட்டை அப்பாவும் மாமாவும் புரட்டிப் பார்க்க முடியும். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் செய்வது, யார் பணம் தருவது, எவ்வளவு வரை. பேசி முடிந்ததை அன்றே எழுதி, இரு வீட்டுக்கும் ஒரே மாதிரி அனுப்பிவிடுங்கள்.

பணம் பற்றி யார் பேச்செடுப்பது? நீங்கள்தான். முன்பு பல வீடுகளில் கல்யாணச் செலவு பெண் வீட்டாருடையது, வரவேற்பு மாப்பிள்ளை வீட்டாருடையது என்று இருந்தது. இப்போது பாதிப் பாதி என்று பேசிக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய. எது என்றாலும் தெளிவாக இருக்கட்டும். "பாதிப் பாதி" என்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு: ஒரு வீட்டார் 700 பேரையும் மறு வீட்டார் 200 பேரையும் அழைத்தால் சாப்பாட்டுச் செலவையும் பாதியாகப் பிரிப்பது நியாயமா? பொதுச் செலவைப் பாதியாகவும், சாப்பாட்டை அவரவர் விருந்தினர் கணக்கிலும் பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

கடன் வாங்கலாமா? வீட்டில் இருக்கும் பணத்துக்குள் கல்யாணத்தைச் சுருக்குங்கள் என்றே சொல்வேன். ஒரு மாலை வரவேற்புக்காக வாங்கும் தனிநபர் கடனுக்கு மூன்று முதல் ஐந்து வருடம் தவணை கட்டப்போவது நீங்கள் இருவர். முதல் வீட்டு வாடகை முன்பணம், முதல் குழந்தை என்று உண்மையான செலவெல்லாம் அந்த வருடங்களில்தான் வரும். கணக்குப் போட்ட மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் தனியாக வையுங்கள். கடைசி வாரத்தில் அது கட்டாயம் தேவைப்படும்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. பல குடும்பங்கள் புரட்டாசியையும் தவிர்க்கின்றன. அதனால் ஆவணி, தை, வைகாசி மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களில் ஊரே கல்யாணம் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துவிட்டால் மண்டபம், சமையல்காரர், மேளம், புகைப்படக்காரர் எல்லாருக்கும் ஒரே நாளில் கிராக்கி. ஜோசியர் மூன்று நாள் குறித்துக் கொடுத்தால் அதில் வேலைநாளாக வருவதைத் தேர்ந்தெடுங்கள். மண்டப வாடகையில் பேரம் பேச இடமிருக்கும், வேலையாட்களும் அவசரமில்லாமல் செய்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வைப்பதாக இருந்தால் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதை மறக்க வேண்டாம். திறந்தவெளி வரவேற்பு அப்போது வேண்டாம்.

முகூர்த்த நேரமும் முக்கியம். விடியற்காலை 4.30 முதல் 6 வரை என்றால் மணப்பெண்ணுக்கு அலங்காரம் நள்ளிரவு தாண்டி 1, 2 மணிக்கே தொடங்க வேண்டும். முதல் நாள் இரவு 10 மணி வரை வரவேற்பில் நின்றவர் எப்போது தூங்குவார்? ஒரே நாளில் இரண்டு முகூர்த்த நேரம் கிடைத்தால் 9 மணிக்கு மேல் வருவதைக் கேட்டு வாங்குங்கள். விருந்தினருக்கும் அதுதான் வசதி.

இனி மண்டபம். இங்கேதான் கணக்கு அதிகம் பிசகுகிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மேலாளர் சொல்வது வாடகை மட்டும். "வாடகை போக வேறு என்னென்ன?" என்பது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மின்சாரம் பெரும்பாலும் தனி. மீட்டர் ஓடிய யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், அது மின்வாரியக் கட்டணத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு இவ்வளவு, அல்லது டீசல் நீங்களே போட வேண்டும். துப்புரவு, குப்பை அகற்றுதல், காஸ் சிலிண்டர், கூடுதல் அறை, தண்ணீர் லாரி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே வரும். இதற்கு மேல் ஜி.எஸ்.டி. (சரக்குக்கும் சேவைக்கும் விதிக்கப்படும் வரி) 18 சதவீதம். வாடகை 3 லட்சம் என்றால் வரி மட்டும் 54,000 ரூபாய்.

மண்டபத்துக்குள் நுழையும்போது மின் மீட்டர் எண்ணை மேலாளரோடு சேர்ந்து பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போதும் அப்படியே. பாத்திரம், நாற்காலி எண்ணிக்கையையும் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். கல்யாணம் முடிந்த களைப்பில் யாருக்கும் எண்ணத் தோன்றாது. உடைந்தது, காணாமல் போனது என்ற பெயரில் முன்பணத்தில் பிடித்தம் வருவது அந்த நேரத்தில்தான்.

"ஒரு நாள் வாடகை" என்றால் எத்தனை மணி நேரம்? மண்டபத்துக்கு மண்டபம் மாறும். முதல் நாள் மாலை 3 மணி முதல் மறுநாள் மாலை 3 மணி வரை என்பது ஒரு வழக்கம். சில இடங்களில் காலை 6 முதல் மறுநாள் காலை 6. முகூர்த்தம் 10.30க்கு முடிந்து, சாப்பாடு பரிமாறி, மறுவீட்டுக்குக் கிளம்பி, சாமான் ஏற்ற எத்தனை மணியாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மண்டபத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டால் "ஆயிரம் பேர்" என்பார்கள். அது மேடைக்கு முன்னால் போடும் நாற்காலிக் கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது சாப்பாட்டுக் கூடம். அதில் 250 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பந்தி சாப்பிட்டு, இலை எடுத்து, மேசை துடைத்து, மறு இலை போட 40 நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் மூன்று பந்தி, 750 பேர். நீங்கள் 1,200 பேரை எதிர்பார்த்தால் மீதி 450 பேர் சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்று காத்திருப்பார்கள். அப்படி நிற்கும்படி விடுவது விருந்தினருக்கு நாம் செய்யும் மரியாதைக் குறைவு. மேடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

சாப்பாட்டுக் கூடம் மாடியில் இருந்தால் லிஃப்ட் இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று ஏறிப் பாருங்கள். பாட்டிகளை மனதில் வைத்துக் கழிப்பறையைப் பாருங்கள். அசைவம் சமைக்க விடுவார்களா என்று முன்பே கேளுங்கள், பல மண்டபங்களில் அனுமதி இல்லை. ஹோமம் வளர்ப்பதாக இருந்தால் குளிரூட்டிய கூடத்தில் அதற்குச் சம்மதமா என்பதையும் கேட்க வேண்டும். எங்கள் அலங்கார ஆள்தான், எங்கள் சமையல் ஆள்தான் என்று சில இடங்களில் கட்டாயம் உண்டு. அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண்டபம் பார்க்கப் போகும்போது வெளியேறும் வழிகள் எத்தனை, அவை பூட்டியிருக்கின்றனவா, படி அகலமா, தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு அதனடியில் விளக்கும் ஒயரும் இழுக்க வேண்டாம். பின்வாசலை அலங்காரத் திரையால் மறைக்க வேண்டாம் என்று அலங்காரக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தேதி மாற நேர்ந்தால் முன்பணம் திரும்பி வருமா? வீட்டில் ஒரு சாவு நேரலாம், விசா தள்ளிப்போகலாம். பல ரசீதுகளின் பின்பக்கத்தில் "முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று அச்சிட்டிருக்கும். வேறு தேதிக்கு மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்ப வரும் என்று கேட்டு, மேலாளர் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று காண்ட்ராக்ட்: இலைக்கு இவ்வளவு என்று பேசி, பொருளும் ஆளும் அவர்களே கொண்டுவருவது. மற்றது, சமையல் மாஸ்டரிடம் கூலி பேசி, அவர் தரும் லிஸ்ட்படி மளிகையும் காய்கறியும் நீங்களே வாங்கிக் கொடுப்பது. இரண்டாவதில் செலவு குறையலாம், ருசியும் உங்கள் கையில் இருக்கும். ஆனால் உக்கிராண அறையின் (சாமான் வைத்துப் பூட்டும் அறை) சாவியை வைத்துக்கொண்டு இரண்டு நாளும் அங்கேயே உட்கார நம்பிக்கையான ஒரு மாமா வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இல்லையென்றால் காண்ட்ராக்டே நல்லது.

காண்ட்ராக்டில் கவனிக்க வேண்டியது குறைந்தபட்ச எண்ணிக்கை. 800 இலை என்று ஒப்புக்கொண்டால் 600 பேர் சாப்பிட்டாலும் 800க்குப் பணம் தர வேண்டும். இலைக்கு 300 ரூபாய் என்றால் அந்த 200 இலைக்கு 60,000 ரூபாய் வீண். ஆகவே எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, "கூடினால் எத்தனை வரை சமாளிப்பீர்கள்?" என்று கேளுங்கள். நூற்றுக்குப் பத்துக் கூடினால் சமாளிக்கத் தெரியாத சமையல்காரர் அநேகமாக இல்லை. பந்தியில் இலை எண்ணும்போது அவர்கள் ஆளோடு உங்கள் ஆள் ஒருவரும் நின்று எண்ணட்டும். மேளக்காரர், ஓட்டுநர், புகைப்படக்காரர், மண்டப ஊழியர் எல்லாரும் சாப்பிடுவார்கள். அவர்களையும் முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சரி, எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்திரிகை எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எதிரே தலை எண்ணிக்கையை எழுதுங்கள், எந்த வேளைக்கு வருவார்கள் என்பதையும் எழுதுங்கள். அலுவலக நண்பர்கள் அநேகமாக மாலை வரவேற்புக்கு மட்டும் வருவார்கள். பங்காளிகளும் தாய்மாமன் வீடும் இரண்டு நாளும் இருப்பார்கள், காலைக் காப்பியிலிருந்து கணக்கு. எதிர்வீட்டுக்காரர் முகூர்த்தத்துக்கு வந்து டிபன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இப்படி வேளை வேளையாகப் பிரித்துக் கூட்டினால் முதல் நாள் இரவு, காலை டிபன், மதியச் சாப்பாடு மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு எண்கள் வரும். அந்த மூன்று எண்களையும் தனித்தனியாகச் சமையல்காரரிடம் கொடுக்க வேண்டும்.

எத்தனை வகை வைப்பது? ஒருவர் வயிற்றுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு வைத்தால் போதும். முப்பது வகை பரிமாறும் இலையில் பாதி அப்படியே மூடப்படுவதை எல்லாருமே பார்க்கிறோம். பத்துப் பன்னிரண்டு வகையைச் சூடாக, மறுபடியும் கேட்டுப் பரிமாறினால் சாப்பிடுபவர் மனம் நிறையும். வகையைக் குறைத்து மிச்சப்படும் பணத்தில் பரிமாறும் ஆட்களைக் கூட்டுங்கள்.

மிஞ்சினால் என்ன செய்வது? கல்யாணத்தன்று யோசித்தால் நடக்காது. கோவையில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போல மிஞ்சிய உணவை எடுத்துச் சென்று பசித்தவர்களுக்குத் தரும் அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள், அல்லது அருகில் எந்த இல்லம் ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு வாரம் முன்பே பேசி வையுங்கள். இலையில் போட்டதைக் கொடுக்க முடியாது, பாத்திரத்தில் இருப்பதை மட்டுமே, அதுவும் கெடும் முன் கொடுக்க வேண்டும். கடைசிப் பந்தி உட்காரும்போதே தொலைபேசியில் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, பிளாஸ்டிக் கைப்பை எல்லாம் இதில் அடங்கும். தாம்பூலப் பை துணியில் இருக்கட்டும். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு துணிப்பை தைத்துத் தருபவர்கள் பல ஊர்களிலும் கிடைக்கிறார்கள். ஒலிபெருக்கி விஷயத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன்: இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே கேட்கும்படி வைக்கக் கூடாது. பாட்டுக் கச்சேரியை 9.30க்குள் முடிக்கும்படி பேசுங்கள்.

நகைக்கு வருவோம். இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு சொற்கள், செய்கூலி (நகை செய்யும் வேலைக்கான கூலி), சேதாரம் (செய்யும்போது வீணாவதாகக் கணக்கிடும் தங்கம்). பத்துப் பவுன் நகை என்றால் 80 கிராம். சேதாரம் 15 சதவீதம் என்றால் 12 கிராம், அதாவது ஒன்றரைப் பவுனுக்குப் பணம் கொடுக்கிறீர்கள், ஆனால் அது உங்கள் கழுத்தில் இருக்காது. நாளைக்கு விற்கப் போனாலும் அடகு வைக்கப் போனாலும் அந்த ஒன்றரைப் பவுனை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வேலைப்பாடு கூடக் கூடச் சேதாரமும் கூடும். அதனால் பவுன் எத்தனை என்று மட்டும் பார்க்காமல் மூன்று கடையில் சேதாரம் கேட்டு ஒப்பிடுங்கள். இதோடு 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு.

நகை சுத்தமானதா என்று எப்படித் தெரியும்? 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஹெச்.யூ.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு இலக்க அடையாளம், எழுத்தும் எண்ணும் கலந்தது) இருந்தாக வேண்டும். அதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுக் கடையிலேயே சரிபார்க்கலாம். 22 காரட் என்றால் 916 என்ற முத்திரையும் இருக்கும். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்தின் எடையைத் தனியாகப் பில்லில் காட்டச் சொல்லுங்கள். கல்லைத் தங்க விலைக்கு வாங்கிவிடக் கூடாது.

பட்டுப்புடவைக்கு ஒரே ஒரு யோசனை: முகூர்த்தப் புடவையை இரண்டு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். ரவிக்கை தைக்க, குஞ்சம் கட்ட, ஓரம் அடிக்க நாள் பிடிக்கும். முகூர்த்த மாதத்தில் நல்ல தையல்காரர்கள் யாரும் புதிதாக வேலை எடுக்க மாட்டார்கள். அசல் பட்டுதான் என்பதற்கு 'சில்க் மார்க்' அட்டையைப் பாருங்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்கலாமா? இதில் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். தவணை தவணையாக வாங்கினாலும் ஒரே கல்யாணத்துக்கு என்றால் சேர்த்தே கணக்கிடுவார்கள். ஆகவே மண்டபம், சமையல், நகை போன்ற பெரிய தொகைகளை வங்கி வழியாகவே கொடுங்கள். பின்னால் தகராறு வந்தாலும் கொடுத்ததற்கு அத்தாட்சி இருக்கும்.

மொய்ப் பணத்துக்கு வரி உண்டா? கல்யாணத்தின்போது மணமக்களுக்கு வரும் பரிசுக்கு வருமான வரி கிடையாது. அதை வங்கியில் போட்டு வரும் வட்டிக்கு உண்டு. ஆனால் ஒரே ஆள் 2 லட்சமோ அதற்கு மேலோ மொய் செய்வதாக இருந்தால் ரொக்கமாக வேண்டாம், காசோலையாகக் கேளுங்கள். மொய் யாரைச் சேரும் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பல ஊர்களில் மொய் என்பது பெற்றோர் வருடக்கணக்காகச் செய்த செய்முறை திரும்பி வருவது. அதைப் பிள்ளைகள் தங்களுடையது என்று நினைத்தால் பெற்றோருக்கு மனம் கஷ்டப்படும். மதுரைப் பக்கம் கணினியில் பதிந்து ரசீதே தந்துவிடுகிறார்கள். நோட்டில் எழுதினால் அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய அதுதான் ஆதாரம்.

சீர்வரிசை பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி வரதட்சணை கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தண்டனை குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. கேட்காமல் அன்பாகக் கொடுக்கும் பரிசுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை இருப்பது பலருக்குத் தெரியாது: பரிசுகளைப் பட்டியல் எழுத வேண்டும். 1985ஆம் ஆண்டு விதிகள்படி மணமகளுக்கு வந்தவை ஒரு பட்டியல், மணமகனுக்கு வந்தவை ஒரு பட்டியல். பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவற்றை எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். "இப்படி எழுதினால் சந்தேகப்படுவதாகத் தோன்றாதா?" என்று கேட்பீர்கள். சட்டமே கேட்கிற காகிதம் இது என்று இரு வீட்டாரிடமும் சொல்லுங்கள். பெண்ணின் நகை பெண்ணுடையது என்பதற்கு எழுத்தில் இருக்கும் சாட்சி அது. உங்கள் வீட்டார் பெண் வீட்டாரிடம் எதையாவது கேட்டால், மாப்பிள்ளையே, அந்த இடத்திலேயே "வேண்டாம்" என்று நீங்கள் சொல்லுங்கள். உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் அது எடுபடாது.

புரோகிதர் இல்லாமல் செய்தால் கல்யாணம் செல்லுமா? செல்லும். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டுக்கெனச் செய்த திருத்தத்தின்படி, இந்துக்களான இருவர் உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். வெவ்வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் திருமண அலுவலரிடம் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், உங்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். இந்த நாட்களைக் கணக்கில் எடுக்காமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கோயிலில் தாலி கட்டிவிட்டு மண்டபத்தில் வரவேற்பு மட்டும் வைப்பதாக இருந்தால் கோயில் அலுவலகத்துக்கு ஒரு மாதம் முன்பே போய்வாருங்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, இருவருக்கும் இது முதல் திருமணம் என்ற சான்று என்று கேட்பார்கள். கடைசிச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் நாள் வேண்டும்.

கல்யாணத்தன்று உங்கள் இருவர் கைப்பேசியும் உங்களிடம் இருக்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரைப் பொறுப்பாக்கி, எல்லா வேலையாட்களுக்கும் அவர் எண்ணைக் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று உறை உறையாகப் பிரித்து, மேலே பெயர் எழுதி அவரிடம் முதல் நாளே தந்துவிடுங்கள். சாஸ்திரிகள் கேட்கும் பூஜைச் சாமான் லிஸ்டில் எது எந்த வீட்டார் கொண்டுவருவது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். மேடையில் உட்கார்ந்த பிறகு நெய்யைத் தேடி ஓடுவது இதைச் செய்யாத வீடுகளில் நடக்கிறது. நடுவில் இரண்டு இட்லியாவது சாப்பிட வைக்க ஒரு சித்தியிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாகப் பதிவு. "தாலி கட்டியாயிற்று, பதிவு எதற்கு?" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்தவரானாலும் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். திருமண நாளிலிருந்து 90 நாளுக்குள் செய்ய வேண்டும், தவறினால் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. கணவரோடு வெளிநாடு போக விசா, வாரிசுரிமை, கூட்டாக வீட்டுக் கடன் என்று எங்கு போனாலும் இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, உரிய சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் சாட்சிகளோடு போக வேண்டும்.

என்னென்ன கொண்டுபோவது? வயது, முகவரிச் சான்றுகள், புகைப்படங்கள், கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் உங்கள் பெயரை ஆதாரில் உள்ளபடியே அச்சிடச் சொல்லியிருந்தால் அதன் பலன் இங்கே தெரியும். நம் ஊரில் ஒரே ஆளுக்கு ஆதாரில் முதலெழுத்து முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், கல்லூரிச் சான்றிதழில் வேறு விதமாக என்று இருக்கும். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே திருமணச் சான்றிதழிலும் வரட்டும். விண்ணப்பத்தை அனுப்பும் முன் இருவர் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அலுவலகத்தை விட்டுக் கிளம்பாமல் பெயர், பிறந்த தேதி, திருமணத் தேதி மூன்றையும் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.